ஓட்டறவனுக்குப் பியட், உக்கார்றவனுக்கு அம்பாசிடர்

என் மச்சாண்டாருக்கு என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் முதலில் காரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். மச்சாண்டார் என்றால் கணவரின் அண்ணன். அவர் முன்னால் தம்பி பெண்டாட்டி நாற்காலியில் உட்காரக் கூடாது, அவரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாது. தொண்ணூறுகள் பிறந்தபோது கோயம்புத்தூரில் பாதி வீடுகள் இந்தக் கெடுபிடியையெல்லாம் விட்டுவிட்டன. எங்கள் வீடு மீதிப் பாதியில் இருந்தது. அதனால் அவர் துணியை நனைத்துப் பிழிந்து பானெட்டைத் துடைத்துக்கொண்டே, "ரசத்துல உப்பு ஒரு கல்லு தூக்கலுங்க" என்று அம்பாசிடரிடம் சொல்வார். நான் சமையலறை ஜன்னலுக்குள் நின்றுகொண்டு, "நாளைக்குக் கொறைச்சுப்போடறனுங்க" என்று அடுப்பிடம் சொல்வேன். இடையில் என் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவருக்குச் சிரிப்புக்கூட வராது.

சென்னிமலையில் தறி, கோயம்புத்தூரில் பெட்ஷீட் மொத்த வியாபாரம், சிங்காநல்லூரில் வீடு. அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பில்தான் சாப்பிட்டோம். வாசலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இரண்டு கார்கள் நின்றன. மாமனார் காலத்து அம்பாசிடர் ஒன்று. அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய பிரீமியர் பத்மினி இன்னொன்று; அதை நாங்கள் யாரும் அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை, பியட்தான். ஒரே ஒரு கார் இருந்திருந்தால் என் மச்சாண்டார் சாதாரண மனிதராக இருந்திருப்பாரோ என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

எதையும் இரண்டாக வைத்துப் பார்ப்பது அவருடைய குணம். இரண்டு ஓட்டல் காப்பி, இரண்டு கம்பெனிக் குடை, இரண்டு பல் டாக்டர். "ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கோணுமுங்க" என்பார். பார்த்துவிட்டு எது உசத்தி என்று சொல்வாரா என்றால் அதுதான் இல்லை. இதில் இது நன்று, அதில் அது நன்று என்று இரண்டு பக்கத்தையும் சரிசமமாகச் சொல்லி முடித்துவிடுவார். என் கணவருக்குப் பெண் பார்த்தபோது நானும் இன்னொரு பெண்ணும் கடைசிச் சுற்றில் நின்றோமாம். இவர் என்ன சொன்னாராம் தெரியுமா? "ரெண்டும் நல்ல புள்ளைகதான். அந்தப் புள்ளைக்கு வாய் கம்மி. இந்தப் புள்ளைக்கு வாய் இருக்குது, ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்காது." என் கணவர் வாயைத் தேர்ந்தெடுத்துவிட்டு இன்றுவரை அனுபவிக்கிறார்.

கார் விஷயத்தில் இந்தக் குணம் முற்றிப் பழுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், அண்ணன் ஒரு காரில், தம்பி ஒரு காரில், காங்கேயம் வரை போய்த் திரும்புவார்கள். போகும்போது அண்ணன் அம்பாசிடர், வரும்போது மாற்றிக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவன் கை வாகு ஒரு காருக்கு மட்டும் சாதகமாகிவிடக் கூடாதாம். டேஷ்போர்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, எந்தக் காரில் எவ்வளவு சிந்தியது என்று பார்ப்பார். இரண்டுக்கும் கேனில் ஒரே அளவு பெட்ரோல் ஊற்றி, எது முதலில் நின்றுபோகிறது என்று பார்ப்பார். ஒரு முறை அம்பாசிடர் பல்லடத்துக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அண்ணனும் தம்பியும் வெள்ளை வேட்டியோடு அதைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பஸ்ஸில் வந்த சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். எங்கள் வியாபாரம் நொடித்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது.

எஞ்சின் பெரியது அம்பாசிடருக்கு, கிட்டத்தட்ட ஆயிரத்து ஐந்நூறு சிசி. பியட்டுக்கு ஆயிரத்து நூறுக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் பியட்டின் உடம்பும் இலேசு, அதனால் கிளம்பும்போது அது முந்திக்கொள்ளும். டவுன்ஹால் சந்துகளில் பியட் பூனை மாதிரி திரும்பும். அம்பாசிடருக்கு இரண்டு முறை பின்னால் வந்து போக வேண்டும். குன்னூர் மலையில் ஐந்து பேரையும் சீர்த்தட்டுகளையும் ஏற்றினால் அம்பாசிடர் முனகிக்கொண்டாவது ஏறிவிடும். பியட்டுக்கு மூச்சு வாங்கும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? காரைத் துடைத்துக்கொண்டே சமையலறை ஜன்னலுக்குக் கேட்கும்படி அத்தனையையும் ஒப்பிப்பார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் பாதித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இரண்டு காரின் ஜாதகத்தையும் சொல்வேன்.

பழைய கார் வாங்க நினைக்கிறவர்கள் அவரிடம் யோசனை கேட்க வருவார்கள். உக்கடத்தில் பழைய கார் சாமான் கடை வைத்திருந்த பாய் ஒருவர் எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவார். அவர் ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார். "மொதலாளி, உங்ககிட்ட யோசனை கேட்டவன் ஒருத்தனும் கார் வாங்கல. நல்ல செருப்பாப் பாத்து வாங்கிட்டுப் போறான்." மச்சாண்டார் கோபித்துக்கொள்ளவில்லை. ரொம்ப நேரம் யோசித்து, தன் வாழ்நாளிலேயே முதல் முறையாக ஒரு தீர்ப்பு மாதிரி ஒன்றைச் சொன்னார். "ஓட்டறவனுக்குப் பியட்டுங்க பாய். உக்கார்றவனுக்கு அம்பாசிடர்."

என் மகளுக்குப் பிறவியிலேயே இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தவில்லை. நடக்க ஆரம்பித்த பிறகுதான் கண்டுபிடித்தோம். ஒரு ஆபரேஷனோடு முடிகிற காரியமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. இரண்டு காலையும் அகட்டி, நடுவில் குச்சி வைத்துக் கட்டிவிடுவார்கள். அந்தக் கோலத்தில் குழந்தையை மடியில் வைக்கவும் முடியாது, உட்கார வைக்கவும் முடியாது. அம்பாசிடரின் பின்சீட்டில் தலையணை போட்டுக் கிடத்தினால் கால் கதவில் இடிக்காது. அவள் தூங்கிக்கூடப் போய்விடுவாள்.

ஒரு முறை அம்பாசிடர் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. சென்னிமலையில் எங்கள் தறிக்குடோனுக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது, வீட்டில் விட்டுவிட்டு வர ஆளில்லாததால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு பியட்டில் கிளம்பினோம். மச்சாண்டார்தான் ஓட்டினார். பின்சீட்டின் அகலம் போதவில்லை. எப்படிப் படுக்க வைத்தாலும் ஒரு பாதம் கதவை முட்டியது. அவிநாசி தாண்டியதிலிருந்து ஒவ்வொரு குழிக்கும் அவள் வீறிட்டு அழுதாள். அவர் பெருந்துறைக்கு முன்னால் காரை ஓரங்கட்டினார். இறங்கி வந்து, தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து அந்தப் பாதத்துக்கும் கதவுக்கும் நடுவில் வைத்தார். "அழுகாத கண்ணு, பெரியப்பா மெதுவாப் போறேன்" என்று சொல்லி, மாட்டு வண்டி எங்களை முந்துகிற வேகத்தில் ஓட்டினார். அன்றைக்கு அவர் எந்தக் காரைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் பாகம் பிரித்தோம். சண்டையெல்லாம் இல்லை. கோயம்புத்தூர்க் கடை அண்ணனுக்கு, சென்னிமலைத் தறி தம்பிக்கு என்று சிரித்த முகமாகவே முடிந்தது. நாங்கள் சென்னிமலைக்குக் குடிபோக வேண்டும். குழந்தையின் ஆஸ்பத்திரி கோயம்புத்தூரிலேயே இருக்கும். கடைசியில் பேச்சு காரில் வந்து நின்றது.

மச்சாண்டாரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேசாதவர், சாமி பக்தி உள்ளவர். பேச வேண்டியதை அவருடைய அண்ணன்மார்கள் பேசினார்கள். பெரிய கார் மூத்தவருக்கு வருவதுதான் முறை, வாசலில் அம்பாசிடர் நின்றால்தான் கடைக்கு மரியாதை என்று குரலை உயர்த்தினார்கள். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் உள்ளேயிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் மச்சாண்டாரைப் பார்த்தார்கள். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அம்மங்கிட்டப் பூ கேட்டுப்போடலாமுங்க" என்றார்.

எங்கள் பக்கம் பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது எல்லாவற்றுக்கும் குலசாமியிடம் பூ கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. சாமி காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்பாசிடர் தம்பிக்கு, சிவப்பு வந்தால் அண்ணனுக்கு என்று பேச்சு. பொட்டலத்தை யார் கட்டுவது என்ற கேள்வியே எழவில்லை. "அவரே கட்டட்டும், அவரு கையில ஓரவஞ்சனை வராது" என்று அக்காவின் அண்ணன்மார்களே சொன்னார்கள். அவர் வாழையிலைத் துண்டில் வைத்து நூல் சுற்றிக் கொடுத்தார். பூசாரி அங்கே நின்ற ஏதோ ஒரு குழந்தையைக் கூப்பிட்டார். பிரித்தால் வெள்ளை நந்தியாவட்டை. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தாளே புள்ளைக்குன்னு சொல்லிப்போட்டா" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கிற வழக்கம் எங்கள் கோயிலில் இல்லை. அதை மச்சாண்டார் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் மாறிப்போனார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் நின்றது. யாராவது கார் பற்றிக் கேட்டால், "எனக்கென்னங்க தெரியும்" என்பார். சாமி கும்பிட வெளியூர் கிளம்பினால் ஏதாவது சாக்குச் சொல்லிக் கடையிலேயே இருந்துவிடுவார். அக்காவுக்கோ தலைகீழ். அம்மன் வாக்குக் கொடுத்த கதையைப் பார்க்கிற சனத்திடமெல்லாம் சொன்னார். எதற்கெடுத்தாலும் பூ கேட்கத் தொடங்கினார். கறவை மாடு வாங்கவும் பூ, வீட்டுக்கு வெள்ளையடிக்கவும் பூ.

பிறகு அக்காவுக்கு உடம்பு கெட்டது. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. முகம் வெளுத்து, படி ஏறினால் மூச்சு இரைத்தது. கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அக்கா கோயிலுக்குப் போய்ப் பூ கேட்டார். சிவப்பு வந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை, நான் கெஞ்சியும் கேட்கவில்லை. "காருக்கு நல்ல வழி சொன்னவ எனக்குக் கெட்ட வழி சொல்லுவாளா அம்மணி?" என்று என்னையே கேட்டார்.

ஒரு மத்தியானம் மச்சாண்டார் மட்டும் பியட்டில் சென்னிமலைக்கு வந்தார். என் கணவர் தறிக்குடோனில் இருந்தார். அண்ணன் வந்திருப்பதாக ஆள் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, வாசலில் நின்ற எங்கள் அம்பாசிடரைத் துடைக்கத் தொடங்கினார். அது சுத்தமாகத்தான் இருந்தது. நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"அன்னைக்குப் பூ கேட்டமல்லொ" என்றார், பானெட்டிடம். "ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையத்தான் வெச்சுக் கட்டுனனுங்க."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது: அந்தக் குழந்தை எந்தப் பொட்டலத்தை எடுத்திருந்தாலும் கார் எங்களுக்குத்தான்.

"பியட்டுல புள்ளை அழுதது காதுலயே இருந்துது. மச்சினன்மாருகிட்டப் பேசி ஜெயிக்க எனக்குத் தெகிரியமில்லீங்க. சாமிகிட்ட ஏமாத்தறது லேசா இருந்துது." துணி ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது. "இப்ப அவ பூவை நம்பிக் கெடக்கறா. அந்தப் பூ பொய்யின்னு நாஞ் சொன்னா ஆபரேசனுக்கு ஒத்துக்குவா. ஆனா கட்டுன புருசனே ஏமாத்துனான்னு தெரிஞ்சுபோகும். அவங்க அண்ணன்மாரு காரைக் கேட்டு இங்க வந்து நிப்பாங்க. சொல்லலீன்னா அவ உசுரு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாச்சுங்க. எத்தனை ராத்திரி பாத்தாலும் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

உள்ளே என் மகள் புதுக் கட்டோடு கட்டிலில் கிடந்தாள். அடுத்த வாரம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். எனக்கு முதலில் வந்தது அந்த நினைப்புத்தான். அக்காவின் வெளுத்த முகம் இரண்டாவதாகத்தான் வந்தது. வாய் இருக்கிற பெண் என்று பெயர் வாங்கியவள் இல்லையா, பட்டென்று சொன்னேன்.

"அக்காளுக்கு ஒண்ணுஞ் சொல்ல வேண்டாமுங்க. மறுக்கா ஒருதடவை பூ கேக்கச் சொல்லுங்க. பொட்டலத்தை நீங்களே கட்டுங்க. ரெண்டுலயும் வெள்ளையே வெச்சுருங்க."

துணி நின்றது. அவர் திரும்பினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஒருக்காச் செஞ்சதுக்கே அவ இப்பிடிக் கெடக்கறா அம்மணி" என்றார்.

துணியை உதறிக் கம்பியில் போட்டுவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். நான் சொன்னதில் என்ன தப்பு, யாருக்கு நஷ்டம், அக்காவும் பிழைப்பார், காரும் இருக்கும் என்று அன்றெல்லாம் எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். வாதாட வேண்டியிருந்ததே, அதிலேயே தெரியவில்லையா?

சில நாள் கழித்து அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். அந்த உடம்போடு பெருந்துறையில் பஸ் மாறி வந்திருக்கிறார். நான் பதறிப்போய்க் கையைப் பிடித்தேன். "அவரு கார்ல ஏறப் புடிக்கல" என்று மட்டும் சொல்லி, சமையலறையில் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மச்சாண்டார் சொல்லிவிட்டார் என்று தெரிந்துவிட்டது. காப்பி போடுகிற சாக்கில் நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சாமிய ஏமாத்துனதை ஆத்தா பாத்துக்குவா" என்றார் அக்கா. "பூ கேக்கலாமுன்னு நான் எதுக்கு அம்மணி சொன்னேன்? எங்க அண்ணன்மாரு வாயை வேற எப்பிடி அடைக்கறது? செவப்பு வந்திருந்தா, மன்னிச்சுக்க தாயேன்னு அவ கால்ல உளுந்துபோட்டுக் காரைப் புள்ளைக்குக் குடுக்கச் சொல்லியிருப்பேன். அந்தப் புள்ளையக் குளிக்க வெச்சது நானு, மாவுக்கட்டுக்குள்ள அரிக்குதுன்னா விசிறி விட்டது நானு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்னு அவருக்குத் தோணுலயே. இத்தனை வருசம் குடும்பம் பண்ணி, இவ குடுக்க மாட்டான்னு நெனச்சுப்போட்டாரே."

பால் பொங்கிவந்தது. இறக்கி வைத்தேன். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"நானும் அப்பிடித்தானுங்க அக்கா நெனச்சேன்" என்றேன்.

"தெரியும். மறுக்காவும் வெள்ளையவே வெக்கச் சொன்னயாமா."

காப்பி டம்ளரோடு திரும்பினேன். "அதையுமா சொன்னாரு?"

"அவருக்கு ஒரு பக்கத்தை மட்டும் சொல்லத் தெரியுமா? நீ சொன்னதையும் சொன்னாரு. புள்ளைய அப்பிடி மாவுக்கட்டுல போட்டு வெச்சிருக்கறவ வேற என்ன சொல்லுவான்னும் சொன்னாரு."

காப்பியை வாங்கி ஆற்றிக் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, ஆபரேஷனுக்கு நாள் வாங்கிவிட்டதாகச் சொன்னார். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம், அவருடைய அண்ணன் மனைவி வருகிறேன் என்றாராம், அக்காதான் வேண்டாம் என்றுவிட்டாராம்.

"துணி மாத்தோணும், பீத்துணி அலசோணும். அதுக்கெல்லாம் எனக்கு வேற ஆரு இருக்கறா? நீதான் வரோணும்" என்றார்.

என்னை நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"வாரேனுங்க அக்கா" என்றேன்.